ஓய்வுநேர ஓவியரின் கொழும்பு

ஓவியத்தின் வரலாறு பெரும்பாலும் அதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் வரலாறாக எழுதப்பட்டு வந்துள்ளது. விகாரைச் சுவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிய கண்டிநாட்டுச் சித்திரக்காரர் குடிகளும், சிற்பநூல் வழிநின்ற தபதிகளும், அரண்மனைகளின் ஆதரவில் வாழ்ந்த உருவப்பட ஓவியர்களுமே அதில் முதலிடம் பெறுவர். இருபதாம் நூற்றாண்டுக் கொழும்பின் ஓவியத்தை அதே முறையில் எழுத முற்பட்டால் வரலாறு பாதிவழியில் நின்றுவிடும். அந்நகரில் புதிய ஓவியத்தைத் தோற்றுவித்தவர்களுள் துறைமுக அலுவலகத்தில் வரைபடம் கீறியவர், பாடசாலைகளைப் பரிசோதித்தவர், சட்டம் பயின்று அதைக் கைவிட்டுப் பியானோ வாசித்தவர், பிக்குவாக இருந்தவர், குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொண்டவர் எனப் பலவகையினரும் இருந்தனர். தூரிகையை மட்டும் நம்பி உலை வைத்தவர்கள் அவர்களுள் சிலரே.

பிரெஞ்சு மொழியில் 'நேசிப்பவர்' என்ற பொருளில் பிறந்த 'அமெச்சூர்' என்ற சொல், தமிழில் நாடக மேடையின் வழியாகவே அதிகம் பழகிப்போயிற்று. ஓவியத்தைப் பொறுத்தவரை, வேறொரு தொழிலால் வாழ்ந்து மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படம் கீறுபவரை 'ஓய்வுநேர ஓவியர்' எனலாம். கீறுதல் என்பது ஈழத்துப் பேச்சுத் தமிழில் வரைதலுக்கு இயல்பாக வழங்கும் சொல். எழுத்தறிவு பெறும் முன்னரே பிள்ளைகள் மணலில் செய்யும் காரியத்துக்கும் நூதனசாலையில் தொங்கும் கோட்டோவியத்துக்கும் அது ஒன்றே பெயர்.

கொழும்பில் ஓய்வுநேர ஓவியத்துக்கு முதலில் நிறுவன வடிவம் கொடுத்தது 1891இல் தோன்றிய இலங்கைக் கலைச் சங்கமாகும். குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகளும் அவர்களது குடும்பத்தினரும் நீர்வண்ணத்தில் தீட்டிய நிலக்காட்சிகள் அதன் கண்காட்சிகளில் பெருமதிப்புப் பெற்றன. பின்னர் முதலியார் ஏ. சீ. ஜீ. எஸ். அமரசேகர (1883-1983) போன்ற உள்நாட்டு ஓவியர்கள் அந்த மரபை முன்னெடுத்தனர். கண் கண்டதை ஒளியும் நிழலும் பிசகாமல் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பியக் கலைக்கூடங்களில் கற்பிக்கப்பட்ட இந்த நடை 'அக்கடமி நடை' எனப்படும். அதை ஏளனமாக ஒதுக்குவது இன்று எளிது. ஆயினும் கையைக் கண்ணுக்குக் கீழ்ப்படியப் பழக்கிய வகையில் அது செய்த பணி பெரியது என்பதை ஒப்புக்கொள்ளாமல் பின்வந்தவர்களின் மீறலை மதிப்பிட முடியாது.

சங்கத்துக்கு வெளியே, அரசாங்கத் திணைக்களங்களில் இன்னொரு பயிற்சிக்களம் இருந்தது. நில அளவைத் திணைக்களம், பொதுவேலைத் திணைக்களம், புகையிரதப் பகுதி, துறைமுக ஆணைக்குழு ஆகிய யாவற்றுக்கும் படவரைஞர்கள் தேவைப்பட்டனர். படவரைஞர் என்பவர் பொறியியலாளரின் கணக்கையும் குறிப்பையும் அளவுக்கோலின்படி தாளில் துல்லியமான வரைபடமாக்குபவர். இத்தகைய வேலைகளிலும் எழுதுவினைஞர் வேலைகளிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர் கணிசமாகச் சேர்ந்து, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறினர். கொட்டாஞ்சேனைக்கு அருகே உள்ள துறைமுகத்தின் ஆணைக்குழுவில் படவரைஞராக இருந்தவரே ஜோர்ஜ் கிளாசன் (1909-1999). எந்த ஓவியப் பள்ளியிலும் பயிலாத அவர், முப்பது வயதை நெருங்கும்போது தாமாகவே தீட்டத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் முதன்மையான ஓவியர்களுள் ஒருவராக எண்ணப்பட்டார். மை ஊறாத கூர்முனைப் பேனாவும், நடுங்காத மணிக்கட்டும், ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற தெளிவும் அலுவலக மேசை அவருக்குத் தந்த சொத்துகளாகவே தோன்றுகின்றன.

கொட்டாஞ்சேனைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1850களில் பொன்னம்பல முதலியார் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் கருங்கல்லால் மீளக் கட்டுவித்து, 1912இல் குடமுழுக்குச் செய்வித்தார். செங்கல்லும் சுண்ணமும் ஓடும் நிறைந்த துறைமுகப் பகுதியில், தூணும் போதிகையும் கூரையும் கல்லாலேயே அமைந்த அக்கட்டடம், அங்கு வாழ்ந்த தமிழர் பலருக்கு முதற் சிற்பப் பாடசாலையாக இருந்திருக்க வேண்டும். தூண்முகத்துச் சிறு உருவம் ஒன்றைக் கற்பூர ஒளியில் காண்பதும் பகல் வெளிச்சத்தில் காண்பதும் ஒன்றல்ல என்பதைக் கோயிலுக்குப் போகும் பிள்ளை எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்துகொள்கிறது. ஒளியைப் பற்றிய அக்கடமிப் பாடத்தின் சாரமும் அதுவே.

இராமநாதனின் அம்மான் மகனான ஆனந்த குமாரசுவாமி (1877-1947), கலையை நேசித்தவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கொழும்பு தந்த பெரும் சான்று. அவர் பயின்றது நிலவியலும் தாவரவியலும் அல்லவா என வியக்கும் அளவுக்கு அவரது தொடக்கம் கலைக்கு அப்பாற்பட்டிருந்தது. நிலத்தின் பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் துறையில் இலண்டனில் பட்டம் பெற்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைப் பகுதியின் பணிப்பாளராக இருந்து, தோரியனைற்று என்ற புதிய கனிமத்தையும் கண்டறிந்தார். கல் தேடி ஊரூராகச் சென்ற அந்தப் பயணங்களிலேயே கம்மாளரையும் நெசவாளரையும் விகாரை ஓவியங்களையும் கண்டு, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார்.

அதே காலத்தில், 1907-08 அளவில், பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளிலிருந்து சோழர்காலப் பாணியிலான நடராசர், நாயன்மார் முதலிய வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. அவற்றுட் பல கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. அரசாங்க சேவையில் உயர்பதவி வகித்த பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றி ஆய்வுரை எழுதினார். குமாரசுவாமி 1914இல் அவற்றை விவரித்து நூல் வெளியிட்டு, 1918இல் 'சிவநடனம்' என்ற கட்டுரைத் தொகுதியையும் தந்தார். சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் போற்றி எழுதிய பிரெஞ்சுச் சிற்பி ரொடான் அப்படிமத்தைப் புகைப்படங்களில் மட்டுமே கண்டவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருந்த எழுதுவினைஞர் ஒருவர், அவ்வகைப் படிமங்களின் முன் கையெட்டும் தூரத்தில் நின்று, தூக்கிய திருவடியின் முழங்கால் மடிப்பை எத்தனை முறை வேண்டுமாயினும் கீறிப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தார்.

வெள்ளவத்தையின் பெயர் உலக இலக்கியத்தில் பதிந்ததும் ஓவியத்தை ஒட்டியே. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, அந்நாட்டின் தூதரக அலுவலராக 1929-30இல் கொழும்பில் பணியாற்றியபோது வெள்ளவத்தைக் கடற்கரையோரத்து வீடொன்றில் தனியாக வாழ்ந்தார். லயனல் வென்ட் (1900-1944) வாரந்தோறும் சைக்கிள்காரர் ஒருவர் மூலம் ஒரு மூட்டை புத்தகங்களை அந்த வீட்டுக்கு அனுப்பிவந்ததை நெருடா தம் நினைவுக்குறிப்புகளில் நன்றியோடு பதிந்துள்ளார். நீதியரசர் ஒருவரின் மகனான வென்ட், இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று திரும்பி, வழக்குத் தொழிலைக் கைவிட்டவர். புகைப்படக்கலையில் நாடு அதுவரை காணாத உயரங்களைத் தொட்டவர். தம் வீட்டையும் பணத்தையும் நூல்களையும் பிற கலைஞர்களுக்குத் திறந்துவைத்தவர். அவர் முன்னிறுத்திய இளம் ஓவியரான ஜோர்ஜ் கீற்றை (1901-1993) வரவேற்று 1930இல் எழுதியவர்களுள் நெருடாவும் ஒருவர்.

அதே நினைவுக்குறிப்புகளில், தம் வீட்டு மலசலகூடத்தைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தாம் வன்புணர்ந்ததையும் நெருடா எழுதியுள்ளார். அவளுடைய அழகைச் சிலையோடு ஒப்பிட்டு எழுதிய கவிஞருக்கு அவளுடைய பெயரைக் கேட்டறியத் தோன்றவில்லை. வெள்ளவத்தையின் கலை வரலாற்றை எழுதுபவர்கள் புத்தக மூட்டையை நினைவுகூர்ந்து அந்தப் பெண்ணை விட்டுவிடுவது தகாது.

புதிய ஓவியம் வேரூன்றியதில் பாடசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1920இல் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக, அதாவது பாடசாலைகளில் சித்திரபாடத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரியாக, இலங்கைக்கு வந்த சி. எவ். வின்ஸர், ஐரோப்பிய ஓவியத்தில் அப்போது நிகழ்ந்திருந்த மாற்றங்களை இங்குள்ளோருக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்குப் பின் அத்துறையை நடத்திய ஜெப்ரி பீலிங் (1907-1992), அச்சுப்படத்தைப் பார்த்துப் பூவும் சாடியும் வரையும் வழக்கத்துக்குப் பதிலாக, பிள்ளை தான் காண்பதையும் நினைப்பதையும் தன் வண்ணத்தில் தீட்ட வேண்டும் என வற்புறுத்தினார். வடமாகாணத்தில் சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகமொன்றை அமைத்து அதற்கு வின்ஸரின் பெயரையே சூட்டினார். சித்திர ஆசிரியர்களே பெரும்பாலும் அதில் இருந்தனர்.

1943 ஆகஸ்ட் 29ஆம் திகதி வென்டின் வீட்டில் கூடிய ஓவியர்கள் '43 குழு' என்ற பெயரில் இணைந்தனர். கலைச் சங்கத்தின் அக்கடமிப் பிடிவாதத்துக்கு வெளியே தத்தம் வழியில் தீட்டவும் காட்சிப்படுத்தவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களை இணைத்த நோக்கம். ஒரே நடையை எவரும் எவர் மீதும் சுமத்தவில்லை. கீற், பீலிங், கிளாசன் ஆகியோரோடு ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல், ஒப்ரி கொலெற், பிக்குவாயிருந்த மஞ்சுஸ்ரீ முதலியோர் அதில் இருந்தனர். எஸ். ஆர். கனகசபையும் தொடக்க உறுப்பினருள் ஒருவர். அந்தப் பட்டியலில் தனித்து நிற்கும் தமிழ்ப் பெயர் அது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 43 குழுவுக்கு ஓராண்டு முன்னர், 1942இல், தோன்றியிருந்தது. பின்னாளில் வெள்ளவத்தையில் நிலைபெற்றது. தமிழ் நடுத்தர வர்க்கம் சொல்லுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் சபை அமைத்துக் கொடுத்த அளவுக்குக் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் அமைத்துக் கொடுக்கவில்லை என்ற குறையை இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் உணராமல் இருக்க முடியாது.

குழுவின் படங்கள் 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிசிலும் காட்டப்பட்டன. 1956ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியில் தரணியகல யுனெஸ்கோ பரிசு பெற்றார். ஆயினும் கொழும்பு வாசிக்கு இந்த ஓவியர்களின் ஆற்றலை அறியக் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. பொரளைக் கோதமி விகாரையின் சுவர்களில் 1939-40இல் கீற் தீட்டிய புத்த சரிதம் இன்றும் அங்கே உள்ளது. அருகில் நின்று பார்ப்பவரின் கண் முதலில் பற்றுவது வண்ணத்தை அன்று, கோட்டையே. தோளில் தொடங்கும் ஒரு கோடு முழங்கையில் ஓய்ந்துவிடாமல் வளைந்து, இடையைச் சுற்றி, சேலை மடிப்பாகி, அடுத்த உருவத்தின் கழுத்தில் போய்ச் சேர்கிறது. கண்ணிமையும் உதடும் அதே கோட்டின் சிறு துண்டுகள். சீகிரியாவையும் அஜந்தாவையும் பிக்காசோவையும் ஒருசேர நேசித்த ஒருவரால்தான் இப்படி வரைய முடியும். பிக்காசோவை அவரும் அவருடைய நண்பர்களும் பெரும்பாலும் அச்சுப்பிரதிகளிலேயே கண்டறிந்திருந்தனர்.

வெள்ளவத்தைக்குத் தெற்கே அடுத்த ஊரான தெகிவளையில் வளர்ந்த ஐவன் பீரிஸ் (1921-1988), திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. இங்கிலாந்தில் குடியேறி அங்கேயே இறந்த அவர், வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தீட்டியது கடற்கரையையும் தென்னையையும் தனியே நிற்கும் மனிதரையுமே. கரையோரப் புகையிரதத்தில் தினமும் கோட்டைக்குச் சென்றுவந்த ஆயிரக்கணக்கானோர் ஜன்னல் வழியே கண்ட அதே கடல், அவருடைய படங்களில் அசைவற்று, ஒரு பிரார்த்தனையின் அமைதியோடு இருக்கிறது. இலங்கை ஓவியத்தில் தொலைவு என்பதை இவ்வளவு ஆழமாகத் தீட்டியவர் வேறெவரும் இல்லை எனத் துணிந்து கூறலாம்.

தமிழ் வீடுகளின் சுவர்களில் 43 குழுவினரின் படங்கள் அரிதாகவே ஏறின. அங்கே முதலில் வந்தவர் இரவிவர்மா. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சகத்தின் வண்ணப் படங்கள் இலட்சுமிக்கும் சரசுவதிக்கும் தந்த முகமே பூசையறைகளின் முகமாயிற்று. அவருக்குப் பின் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) தீட்டிய தெய்வங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் அச்சாகித் தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் சென்றன. நாட்காட்டியின் ஆண்டு முடிந்ததும் திகதித் தாள்களைக் கிழித்தெறிந்து, படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டு மாட்டும் வழக்கம் ஏழை வீட்டையும் ஒரு சிறு படக்கூடமாக்கியது. அடுத்து வந்தவை சஞ்சிகைகள். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த உருவங்களும், 'ஆனந்த விகட'னில் கோபுலு வரைந்த கோட்டுச் சித்திரங்களும், சில்பி (1919-1983) 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரில் கோயிற் சிற்பங்களைப் பேனா முனையால் மீட்டெடுத்த பக்கங்களும் கடல் கடந்து வந்து பிள்ளைகளுக்கு ஆசான்களாயின. ஒரே சிற்பத்தின் முன் நாட்கணக்கில் அமர்ந்து, தேய்ந்த விரலையும் உடைந்த மூக்கையும் அதன் தேய்வோடும் உடைவோடும் சில்பி பதிந்த பக்தியை நூதனசாலை வெண்கலங்களின் முன் நின்று பழகியவர் நன்கு உணர்வார்.

இந்தப் படங்களைப் பிள்ளைகள் கற்ற முறை 'கட்டம் போடுதல்' ஆகும். சஞ்சிகைப் பக்கத்தின் மேல் அரை அங்குல இடைவெளியில் பென்சிலால் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, வரைதாளில் ஒரு அங்குல இடைவெளியில் அதே எண்ணிக்கையான கட்டங்களைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பெயர்த்தெழுத வேண்டும். ஒரு கட்டத்துக்குள் மூக்கின் பாதியும் கன்னத்தின் ஒரு வளைவும் மட்டுமே இருக்கும். மூக்கு என்ற நினைப்பை விட்டு, கோடு கட்டத்தின் எந்த விளிம்பைத் தொட்டு எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் கவனிப்பவருக்கே உருவம் சரியாக வரும். படம் முடிந்தபின் பாண் துண்டால் பென்சில் கோடுகளை அழிப்பதும் உண்டு. சித்திர ஆசிரியர் சிலர் இதை வெறும் நகலெடுப்பு எனக் கடிந்தனர். பீலிங்கின் கண்ணோட்டத்தில் அக்கண்டிப்புச் சரியானதே. ஆனால் முகத்தின் நீளத்தைத் 'தாலம்' என்ற அலகாகக் கொண்டு முழுப் படிமத்தையும் அளக்கும் தபதியின் முறைக்கும், அளவுக்கோலால் நிலத்தைத் தாளில் சுருக்கும் படவரைஞரின் முறைக்கும் கட்டம் போடுதல் நெருங்கிய உறவுடையது. நேசித்த ஓவியரின் கையை ஒரு மாலைப்பொழுது முழுதும் தன் கையில் ஏற்றுப் பார்ப்பதற்கு அதைவிட நேரான வழி வேறில்லை.

1949இல் கோரா ஏபிரகாம் பம்பலப்பிட்டி மெல்பேர்ண் அவெனியூவில் தொடங்கிய சிறுவர் ஓவிய வகுப்பு, கட்டங்களை விட்டு வெளியேறும் வழியைப் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் திறந்தது. ஹரி பீரிஸ் (1904-1988) பார்ன்ஸ் பிளேஸில் இருந்த தம் வீட்டில் சிறுவருக்குக் கற்பித்ததோடு, 1974இல் அவ்வீட்டையே சபுமல் நிலையமாக்கி, 43 குழுவினரின் படைப்புகளை அங்கே வைத்தார். தாழ்வாரமும் சாய்மனைக் கதிரையும் உள்ள ஒரு வீட்டின் அறைகளில் அவை தொங்குகின்றன. அரசாங்க நுண்கலைக் கல்லூரியில் 1950களில் ஓவியர் டேவிட் பெயின்ரரிடம் பயின்ற அ. மாற்கு (1933-2000) யாழ்ப்பாணம் திரும்பி, 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' என்ற பெயரில் ஆர்வலரைக் கூட்டினார். எந்தக் கட்டணமும் எதிர்பாராமல் தம் இறுதிக்காலம் வரை கற்பித்த அந்த ஆசிரியருக்கு ஈழத்துத் தமிழ் ஓவியம் பட்டிருக்கும் கடன் பெரிது. கழகத்தின் பெயரிலேயே அவருடைய கொள்கை அடங்கியிருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் வெளியீடுகளுக்கு அட்டைப்படமும் உட்படமும் வரைய உள்ளூர்க் கைகள் தேவைப்பட்டன. கட்டடக்கலை படிக்கப் பம்பாய் சென்று கேலிச்சித்திரக்காரராகத் திரும்பிய சி. சிவஞானசுந்தரம் (1924-1996) கொழும்பில் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகை அதற்கு முன்னரே வழி காட்டியிருந்தது. அவர் படைத்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர் வெள்ளவத்தையிலும் வீடுதோறும் அறிந்த பெயராக விளங்கினார். 1983 ஜூலை இனவன்முறையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் கொளுத்தப்பட்டபோது சுவர்களில் இருந்தவையும் அலுமாரிகளில் இருந்தவையும் சேர்ந்தே எரிந்தன. ஓய்வுநேர ஓவியரின் படைப்புக்கு வீடே ஒரே காப்பகம். தொழில்முறை ஓவியரின் படமாயின் வாங்கியவரிடத்திலோ கூடத்திலோ இன்னொன்று எஞ்சும். அலுவலகத் தாளின் பின்புறத்தில் கீறப்பட்ட நடராசருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

1993இல் ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கிய 'கலா பொல' என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை ஆண்டுதோறும் கறுவாத்தோட்டத்தில், விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்த வீதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. பெயர்பெற்ற ஓவியரும் முதன்முதலாகப் படம் கொண்டுவருபவரும் ஒரே நடைபாதையில் இடம் பிடித்து, கம்பிவலையிலும் மரத்தடியிலும் படங்களைச் சாய்த்துவைத்து, வருபவரோடு நேரே பேசுகின்றனர். அடுத்த நாட் காலை பாடசாலைக்கோ வங்கிக்கோ அலுவலகத்துக்கோ வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் அவர்களுள் பலர். அந்த வீதிக்குச் சூட்டப்பட்டிருப்பது கனிமவியல் அளவைப் பகுதியின் முன்னாட் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர்.